புதன்கிழமைக்கு இரண்டு யானை

"அங்கிள், ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேனே."

"தெரியும். நாங்க யாரும் தூங்கல."

எட்டுப் பேர் படுக்கிற அந்த விடுதி அறை மொத்தமும் சிரித்தது. கேட்டவள் ஆனெக்கே, டச்சுக்காரி, கீழ்க்கட்டில். மேல்கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த நெவிலும் சிரித்து வைத்தார். அந்த அறையில் அவருக்கு அடுத்த மூத்த ஆளுக்கு இருபத்தாறு வயது.

"நாங்க ஊரைச் சுத்துற ரயில்ல போறோம். வர்றீங்களா?" ஒரு காலில் ஷூ மாட்டியபடி கேட்டாள் அவள்.

"இல்லம்மா. நான் நடந்தே பாத்துக்கிறேன்."

"ஓகே!"

அந்த 'ஓகே' கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அவர்கள் படியிறங்கிப் போகிற சத்தம் தேய்ந்து அடங்கும்வரை நெவில் மேலேயே உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியபோது தெருவில் டாக்ஸி கிளம்பியிருந்தது.

முதுகுப்பை தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற வயதில் நெவில் எங்கும் போனதில்லை. ஆஸ்திரேலியாவில் பல்லரட் ஊரில் தபால் பிரிக்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு அம்மா வீட்டிலேயே இருந்தார். அம்மா போனபோது, அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ கேட்டார்கள்: "இனி நெவில் என்ன பண்ணப் போறான்? எங்கயாவது போயிட்டு வரலாமே?" அக்கா ஹேசல்தான் பதில் சொன்னாள். "இவனா? இவன் எங்க போவான்? அம்மா நாற்காலியில உக்காந்து அம்மா மாதிரியே செத்துப்போவான்." கையில் சாண்ட்விச்சோடு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நெவில் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு மூன்று வருடமாக அவளோடு பேச்சில்லை.

அந்த ஒரு பேச்சுக்குப் பதில்தான் இந்தப் பையும், விமான டிக்கெட்டும், இந்த மேல்கட்டிலும். பதில் ரங்கூன் வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்க வேண்டியவளுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

தெருமுனை டீக்கடையில் குட்டி முக்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். பரிமாறுகிற ஆள் நாலு முறை பக்கத்தில் வந்து போனான். நெவில் கையை உயர்த்தினார். புன்னகைத்தார். மறுபடி கையை உயர்த்தினார். பக்கத்து மேசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த டாக்ஸிக்காரர் திரும்பினார்.

"சார், கையத் தூக்கினா பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போக அனுமதி கேக்குறதா நினைப்பான்."

"பின்ன எப்படிக் கூப்பிடுறது?"

அவர் உதட்டைக் குவித்துக் காற்றில் இரண்டு முத்தம் கொடுத்தார். "ம்ச், ம்ச்." பரிமாறுகிறவன் சட்டென்று வந்து நின்றான்.

"பாத்தீங்களா? இப்ப நீங்க பண்ணுங்க."

"வேணாம், வேணாம்."

"அட, வெக்கமா? முத்தம் குடுக்கத் தெரியாதா? வீட்டுல சம்சாரத்துக்குக் கூடவா குடுக்கல?"

"சம்சாரம் இல்ல."

"போயிட்டாங்களா?"

"வரவேயில்ல."

டாக்ஸிக்காரர் மெல்வதை நிறுத்தினார். பிறகு, "டீ நல்லாருக்கும் இங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். டீ நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நெவில் நடந்தார். சூலே பகோடாவைச் சுற்றி வந்தார். பாசிபிடித்த பழைய கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார். மாடி பால்கனிகளிலிருந்து நீளக் கயிறுகள் தொங்கின, நுனியில் ஒரு கிளிப்போடு. பேப்பர்காரன் ஒரு கயிற்றை ஆட்டினான். மேலே மணி அடித்தது. பேப்பர் கிளிப்பில் ஏறிப் போனது. படித்துறைக்குப் போய்க் கடற்காகங்களுக்கு மற்றவர்கள் தீனி எறிவதை வேடிக்கை பார்த்தார். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். தன்னையும் எடுத்துப் பார்த்தார். மோவாயும் ஒரு காதும் பின்னால் ஒரு படகும் வந்திருந்தன.

நல்ல படம் ஒன்று விழுந்ததும் கட்டைவிரல் தானாக 'அனுப்பு' என்கிற இடத்துக்குப் போகும். யாருக்கு என்று போன் கேட்கும். பல் டாக்டர், கூரைத் தகரம் பழுதுபார்க்கிறவர், பழைய ஆபீஸ் மேலதிகாரி. ஒவ்வொரு தடவையும் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

வெயில் தாழ்ந்ததும் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனார். அரைக்கால் சட்டையோடு விடமாட்டோம் என்றார்கள். வாசலில் இருந்த ஆள் ஒரு லுங்கியை அவர் இடுப்பில் சுற்றினார்.

"வயித்த உள்ள இழுங்க சார்."

"இழுத்துட்டேன்."

"இதுதான் இழுத்ததா?" முடிச்சை இறுக்கி முன்பக்கம் செருகினார் அவர். "இனி பெருமூச்சு விட்டுடாதீங்க. அவுந்துடும்."

மேலே பளிங்குத் தரை இன்னும் கதகதவென்றிருந்தது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். யாரும் தனியாக இல்லை. தனியாக இருந்தவர்களும் கண்ணை மூடி ஜபத்தில் இருந்தார்கள். நெவில் தூணோரம் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். நாள் முழுக்க நடந்த கால்.

நீளத் துடைப்பங்களோடு பெண்கள் வரிசையாகத் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தார்கள். புண்ணியத்துக்குப் பெருக்குகிறவர்கள். வரிசையின் ஓரத்தில் வந்தவள் அவர் முன்னால் நின்றாள்.

"தம்பி, காலை மடக்குங்க. புத்தருக்கு நேரா நீட்டியிருக்கீங்க."

நெவில் பதறிக் காலை இழுத்தார். லுங்கி நெகிழ்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, மன்னிச்சிருங்க. தெரியாது."

"தெரியாதுன்னு தெரியுது. முடிச்சப் பிடிங்க முதல்ல." அவள் பெயர் லா யின்; மரியாதைக்கு முன்னால் 'டோ' சேர்த்து, டோ லா யின். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "தண்ணி ஊத்தியாச்சா?"

"எதுக்கு?"

"உங்க கிழமைக்கு. அங்க பாருங்க, எட்டுத் திக்குலயும் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு இடம். அவங்கவங்க பொறந்த கிழமைக்கு அவங்கவங்க ஊத்தணும். நீங்க என்ன கிழமை?"

"தெரியலையே."

"பொறந்த கிழமை தெரியாதா? எங்க ஊர்ல பேரைச் சொன்னாலே கிழமை தெரிஞ்சிடும். நான் லா யின், புதன். உங்க பேரு?"

"நெவில்."

"அதுல ஒண்ணும் தெரியல," என்றாள் அவள். "போன்ல பாருங்க."

நெவில் பிறந்த தேதியைப் போனில் தட்டினார். "நானும் புதன்."

"அட! நம்ம ஆளு!" அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்துப் பர்மிய மொழியில் ஏதோ சொன்னாள். எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. "சரி, காலைப் புதனா, மத்தியானப் புதனா?"

"அப்படியும் இருக்கா?"

"புதனுக்கு மட்டும் ரெண்டு. உச்சிக்கு முன்னால பொறந்தா தெற்கு மூலை, தந்தம் உள்ள யானை. உச்சிக்குப் பின்னால பொறந்தா வடமேற்கு, தந்தம் இல்லாத யானை. நீங்க எந்த யானை?"

நெவில் போனைப் பார்த்தார். அதற்கு அது தெரியாது.

"அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அம்மா இல்ல."

"அப்பா?"

"அவர் எப்பவோ போயிட்டாரு."

"அக்கா, அண்ணன்? மூத்தவங்களுக்கு இதெல்லாம் மறக்காது. அக்கா இருக்காங்களா?"

"இல்ல," என்றார் நெவில்.

டோ லா யின் உச்சுக்கொட்டினாள். மறுபடி வரிசையிடம் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு யானைக்கும் ஊத்திடுங்க தம்பி," என்றாள் டோ லா யின், குரலைத் தணித்து. "எது உங்களோடதுன்னு யானைக்குத் தெரியும்." வரிசை நகர்ந்து போயிற்று.

நெவில் தெற்கு மூலைக்குப் போனார். யானைக்கு மேலே சின்னப் புத்தர், சுற்றிலும் பூ. முன்னால் ஒருவர் தன் மகள் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்ததும் நெவில் டம்ளரில் தண்ணீர் மொண்டார். கை உயரவில்லை. பெருக்குகிற பெண்கள் பட்ட பரிதாபம் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே அக்கா இல்லாதவனுக்குப் பட்டிருந்தால் பரவாயில்லை.

மனப்பாடமாக இருந்த அந்த எண்ணை அடித்தார். மணி நெடுநேரம் அடித்தது.

"யாரு செத்தது?" என்றது குரல்.

"யாரும் சாகல, ஹேசல். நான் நெவில்."

"நெவிலா? என்னடா ஆச்சு? ஆஸ்பத்திரியிலயா இருக்க?"

'டா.' காலையிலிருந்து அங்கிள், சார், தம்பி. இந்த 'டா'வை உலகத்தில் ஒரே ஒருத்திதான் சொல்ல முடியும்.

"நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும். நான் காலைல பொறந்தேனா, மத்தியானமா?"

"டேய், குடிச்சிருக்கியா? மணி என்ன தெரியுமா? பத்து ஆகப் போகுது."

"இங்க இன்னும் இருட்டல."

"இங்கன்னா எங்க?"

"ரங்கூன்."

அந்தப் பக்கம் டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பர்மா ரங்கூனா?"

"ஆமா."

"யாரோட போன?"

"தனியாத்தான்."

"அங்க என்ன பண்ற?"

"லுங்கி கட்டிக்கிட்டு, கையில தண்ணி டம்ளரோட ஒரு யானைக்கு முன்னால நிக்கிறேன்."

ஹேசலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று அவருக்குத் தெரியவில்லை.

"மூணு வருஷம் கழிச்சு இதைக் கேக்கத்தான் கூப்பிட்டியா?"

"கேக்க வேற யாரும் இல்ல ஹேசல்."

 அவள் சொன்னாள், வேறு குரலில்.

"மத்தியானம். பள்ளிக்கூடத்துல சாப்பிட்டு முடிச்சு வெளிய விளையாடிட்டிருந்தோம். பக்கத்து வீட்டு மிஸஸ் பிட்மன் பள்ளிக்கூட வேலிகிட்ட வந்து கத்தினா. 'ஹேசல், இப்பதான்டி தம்பி பொறந்திருக்கான்'னு. நான் 'தங்கச்சில்ல கேட்டேன்'னு சொல்லிட்டுத் திரும்பி விளையாடப் போயிட்டேன்."

"இப்பதான்னு சொன்னாளா?"

"இப்பதான்னுதான் சொன்னா. எனக்கு மறக்குமா?"

"அப்ப எனக்குத் தந்தம் இல்லாத யானை."

"என்னது?"

சொன்னார். காலைக்குத் தந்தம், மத்தியானத்துக்கு இல்லை.

"தந்தம் இல்லாததா? சரியாத்தான் பிரிச்சிருக்காங்க."

நெவில் சிரித்தார். வாய்விட்டு. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. லுங்கி முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நெவில்."

"ம்."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்த நாற்காலியப் பத்தி நான்..."

லைன் அறுந்தது. மறுபடி அடித்தார். ஒரு பெண் குரல் பர்மிய மொழியில் மிகுந்த மரியாதையோடு என்னவோ சொன்னது. ஒரு சொல்லும் புரியவில்லை என்றாலும், போட்ட காசு தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் அதே மரியாதை.

அவள் என்ன சொல்ல வந்தாள்? தப்பு என்றா, இல்லை, நான் சொன்னதில் என்ன தப்பு என்றா? ஹேசலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடமுண்டு.

விளக்குகள் போட்டார்கள். கூட்டம் போகிற போக்கிலேயே நடந்து வடமேற்கு மூலைக்குப் போனார். தந்தமில்லாத யானை, கொஞ்சம் அசடு வழிகிற முகத்தோடு நின்றது. புத்தர் தலையில் தண்ணீர் ஊற்றினார். என்ன வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே ஊற்றினார்.

பிறகு போனை எடுத்து இன்னொரு தேதியைத் தட்டினார். அந்தத் தேதிக்கு வருடா வருடம் வாழ்த்து அட்டை வாங்கியதுண்டு; கடைசி மூன்றும் அனுப்பாமல் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை என்றது போன். வெள்ளிக்கு எது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அடுத்த மூலைதான் என்று கை காட்டினார்.

வடக்கு மூலையில் சீமைப் பெருச்சாளி உட்கார்ந்திருந்தது. இதை அவளிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே முதல் டம்ளரை மொண்டார்.

துடைப்ப வரிசை சுற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தது.

"தம்பி, இங்க என்ன பண்றீங்க?" டோ லா யின்தான். "இது யானையே இல்ல. வெள்ளிக்கிழமைக்காரங்க இடம்."

"தெரியும்."

"பின்ன யாருக்கு ஊத்துறீங்க?"

"என் அக்காவுக்கு."

துடைப்பம் நின்றது. "அக்கா இல்லைன்னீங்களே?"

தண்ணீர் டம்ளர் விளிம்பில் தளும்பியது. நெவில் அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டார்.

"இருக்கா," என்றார்.

டோ லா யின் அவர் முகத்தைப் பார்த்தாள். வரிசையிடம் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

"அவங்களுக்கு வயசென்ன?"

"என்னைவிட ஒன்பது கூட."

"வயசுக்கு ஒண்ணும், அதுக்கு மேல ஒண்ணும் ஊத்தணும். இன்னிக்கு உங்களுக்கு வேலை இருக்கு." சொல்லிவிட்டுத் தன் வரிசையோடு பெருக்கிக்கொண்டே போனாள்.

நெவில் போனை நனையாத இடமாகப் பார்த்துக் கல் விளிம்பில் வைத்தார், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இங்கிருந்துதான் கூப்பிட முடியாது, அங்கிருந்து கூப்பிடலாம். பிறகு, அவசரப்படாமல், ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு தரம் அதைப் பார்த்துக்கொண்டு, ஊற்றத் தொடங்கினார்.