டம்ளர் எடுக்கப் போனவர்

அன்று மதியம் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். சாய்வு நாற்காலியில் பெரியப்பா. எதிரே, தம்பி என்ற மரியாதைக்குச் சற்றுத் தாழ்வான முக்காலியில் அப்பா. சமையலறை நிலையைப் பிடித்தபடி அம்மா. ஜன்னலோரம், கல்யாணமே வேண்டாமென்று பிறந்த வீட்டில் தங்கிவிட்ட சின்ன அத்தை. நடுவில், கல்லூரியில் சரித்திரம் படிக்கும் மகள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிறகு முளைத்தவர்கள்.

"வாம்மா புரொபசர்," என்றார் பெரியப்பா. "ராஜாக்கள் எல்லாம் தீர்ந்துபோய் எங்களைப் பிடிச்சுட்டியா?"

கல்லூரியில் கொடுத்த வேலை அது. சொந்தக் குடும்பத்தில் நடந்த ஒன்றை, அறிந்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். அவள் பெரிய அத்தையின் சாவை எடுத்துக்கொண்டாள். இளவயதில் காய்ச்சலில் போனவள். அதில் என்ன வில்லங்கம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தாள்.

காலையில் பெரியப்பாவைக் கேட்டாள். "விடியற்காலையில தண்ணி கேட்டா. டம்ளர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு." அப்பாவைக் கேட்டாள். அதே வரி. 'உயிர்' என்ற சொல்லுக்கு முன் இருவரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள். சின்ன அத்தை மட்டும், "அவங்க சொன்னதுதான்," என்று எழுந்து போய்விட்டாள். அம்மாவிடமும் அதே வரி, அதே இடத்தில் அதே மூச்சு. அப்போதுதான் அவள் எழுதுவதை நிறுத்தினாள். அத்தை செத்துப் பல வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வந்த மருமகள் அம்மா.

"ஏம்மா, நீ அப்ப இங்க இல்லவே இல்லையே?"

"இல்லாட்டி என்ன? அடுப்பு எங்க இருக்குன்னு காட்டுறதுக்கு முன்னாடியே உங்க தாத்தா இதைச் சொல்லிக்கொடுத்துட்டார்."

நேரில் பார்த்தவர்கள் சண்டை போடுவார்கள் என்று ஆசிரியை வகுப்பில் சொல்லியிருந்தார். ஒருவர் மழை என்பார், இன்னொருவர் வெயில் என்பார். எல்லோரும் ஒரே வரியைச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள். அப்போது அது என்றோ செத்த ராஜாக்களின் சமாசாரம். இப்போது அவளுக்குச் சோறு போட்ட கைகளின் சமாசாரம்.

"பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த டம்ளரை எடுக்கப் போனது யாரு?"

"உங்கப்பன்தான்," என்றார் பெரியப்பா.

"அண்ணன்தான்," என்றார் அப்பா, அதே நொடியில்.

சின்ன அத்தை சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

"அதை நம்ம அப்பா சொல்லித்தரலை, இல்லண்ணா?"

"நீ வாயை மூடு," என்றார் பெரியப்பா.

"இத்தனை வருஷமா மூடித்தானே இருந்தேன்!" அவள் அண்ணன் மகள் பக்கம் திரும்பினாள். "யாரும் போகலைம்மா. அச்சாபீஸ்ல வேலை பார்த்தவனைத்தான் கட்டிப்பேன்னு அக்கா ஒத்தக்கால்ல நின்னா. அப்பா அறையில தள்ளிப் பூட்டினார். காய்ச்சல் வந்துச்சு. டாக்டர் வந்தா பூட்டி வச்சது வெளியே தெரிஞ்சுடும்னு கூப்பிடலை. கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்தா. நான் செம்போட நின்னேன். பூட்டு எனக்கு எட்டலை. எட்டினாலும் சாவி அப்பா இடுப்புல. அக்கா உடம்பை எடுத்துட்டுப் போன அன்னிக்கே எங்க மூணு பேரையும் சுவரோரம் நிக்கவச்சு அந்த வரியை ஒப்பிக்கச் சொன்னார். தப்பாச் சொன்னவனுக்குப் பிரம்படி."

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னே வச்சுக்க," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது; முதுகு மட்டும் வளையவில்லை. "வீட்டுக்குள்ள அழுதுட்டுப் போயிடலாம். ஊருக்குப் பந்தி வைக்கணுமா? எழுதினா இந்தப் படி மிதிக்காதே."

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு சொல், ஒரு தலையசைப்பு போதும், இந்த வீடு அவளுக்கு மிஞ்சியிருக்கும். அவர் தலை நிமிரவில்லை. படிப்பு ஆளை வளர்க்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. வளர்ந்த பிறகு சொந்த அப்பா இத்தனை சிறியவராகத் தெரிவார் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் எழுதினாள். டம்ளர் எடுக்க யாரும் போகவில்லை என்பதுதான் முதல் வரி.

அந்தப் பெண் எவனோடோ ஓடிப்போய்விட்டாள், அத்தை புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். அவளும் ஓடவில்லை, அவள் அத்தையும் ஓடவில்லை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்துபோனாள். சின்ன அத்தை வாசல்வரை செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.