பொன்முடி வரை நீண்ட பாதை

1996 கர்க்கடக மாச மழையில், தம்பானூர் சுரங்க ரயிலின் பாதை, யாரும் மண்வெட்டி தொடாமலே, ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பது அடி நீண்டது. தண்டவாளம், விளக்கு, சுவரில் 'துப்பாதீர்' பலகை எல்லாம் சேர்ந்தே வளர்ந்திருந்தன. பகவதிப்பெருமாள் அளந்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன ரசத்தைக் குடித்தார். அவருக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் இருந்தது.

நாகர்கோவில் வடசேரிக்காரரான அவர் அந்த ரயிலின் கட்டுப்பாட்டு அறை அதிகாரி. வண்டி ஐந்து நிமிஷம் தாமதித்தால் பிளாட்பாரத்தில் ஜனங்கள் வைவது இவரைத்தான். மனைவி பிரேமா பொன்முடி எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் சேர்ந்து இருந்தது நூற்றுப் பதினொரு நாள். மழை பெய்தால் பஸ் வராது. மழை விட்டாலும் வருமென்று சொல்ல முடியாது. பொன்முடிக்கு மாற்றல் கேட்டு வருஷத்துக்கு இரண்டு மனு போடுவார். தலைமை அலுவலக கிளார்க் அழகியநம்பி திருப்பி அனுப்புவார்.

"அண்ணாச்சி, பொன்முடியில நமக்கு ஸ்டேஷன் உண்டா? ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு ஆளை எப்பிடிப் போட?"

பொன்முடி இல்லாவிட்டால் அடிவாரத்துக் கல்லாறு, அதுவும் இல்லாவிட்டால் மாதம் ஒரு வாரம் லீவு என்று பகவதிப்பெருமாள் படிப்படியாக இறங்கினார். அழகியநம்பி காலணா இறங்கவில்லை.

"உம்ம வீட்டுக்காரியை மலையில விட்டுப்போட்டு இருந்து பாரும் ஓய், தெரியும்" என்றார் பகவதிப்பெருமாள்.

"அவ வீட்டுலதான் இருக்கா. அதுதான் அண்ணாச்சி என் கஷ்டம்."

திரும்பிய மனுக்கள் வீணாகவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே சுரங்கச் சுவரில் ஓர் ஓட்டை ஒழுகும். சிமென்ட் கேட்டு எழுதியதற்குப் பதிலே இல்லை. ஆகவே மனுக்களைச் சுருட்டி அதில் அடைப்பார். பாதை வளரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஓட்டை மனுவைப் படித்ததோ என்னவோ, பாதை நேரே பொன்முடித் திசையில் போயிற்று. 1998இல் நெடுமங்காடு, 2000இல் விதுரா, மறுவருஷம் கல்லாறு. புது ஸ்டேஷன்களுக்கு ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் மைக்கில் கத்துவது இவர் ஒருவரே. அனுமதியின்றிப் பாதை வளர்ந்தது ஏன் என்று விளக்கம் கேட்டும் இவருக்கே மெமோ வந்தது.

2002இல் பிரேமா போனில் சொன்னாள்: "இந்த ஓணத்துக்கு மூட்டை முடிச்சோட வரலைன்னா நான் எங்கம்மை வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் அங்கேயும் சுரங்கம் வெட்டிக்கிட்டு வாங்க."

ஓணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் பாதை பொன்முடியை எட்டியது. பிரேமாவின் குவார்ட்டர்ஸ் அடுக்களையை ஒட்டிப் பிளாட்பாரம் முளைத்தது. வழி ஸ்டேஷன் போலில்லை, கடைசி ஸ்டேஷன் என்றால் மாஸ்டர் வேண்டுமே. உடனே உத்தரவு வந்தது. குளிர்ந்த ஊர், வேலையும் குறைவு என்று அழகியநம்பி சீனியாரிட்டி காட்டி அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். பகவதிப்பெருமாளை விட முடியாதாம். ஓட்டையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தானாம்.

அழகியநம்பி காலை வண்டியில் பெட்டி படுக்கையுடன் மலையேறினார். அந்த வண்டிக்கு சிக்னல் கொடுத்த கையாலேயே பகவதிப்பெருமாள் உத்தரவை நாலாக மடித்து ஓட்டையில் குத்தித் திணித்தார்.

மனுவுக்கு நீண்ட பாதை உத்தரவுக்குச் சுருங்கியது. சாப்பாட்டு நேரத்தில், துணிக்கடை டேப் கூட்டுக்குள் ஓடுவதுபோல, பொன்முடியிலிருந்து தம்பானூர் வரை சரசரவென்று திரும்பி வந்தது. இரண்டாம் பிளாட்பாரத்தில், மூடுபனியும் இரண்டு தேயிலைச் செடியும் சூழ, பிரேமாவின் குவார்ட்டர்ஸ் நின்றது. அவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இப்ப வந்தது நீங்களா, நானா?" என்றாள். பிறகு, "சாப்பிட்டாச்சா?"

இரண்டாம் பிளாட்பாரத்துக்கு இறங்குகிறவர்கள் அப்போதிலிருந்து குளிருக்குச் சால்வை கொண்டுபோகிறார்கள். பொன்முடியில் தனியே நின்றுவிட்ட அழகியநம்பி மாற்றல் கேட்டு வருஷத்துக்கு இரண்டு மனு போடுகிறார். ஸ்டேஷனே இல்லாத ஊரிலிருந்து ஆளை மாற்ற வழியில்லை என்று தலைமை அலுவலகம் அவற்றைப் பகவதிப்பெருமாளுக்குத் தள்ளிவிடுகிறது. அவர் அவற்றை ஓட்டையில் அடைப்பதில்லை. பிரேமா வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள்கிறாள். ஓட்டை இன்னும் ஒழுகுகிறது. சிமென்ட் வரவில்லை.