மூன்று வெள்ளைச் சட்டைகள்

சலவைக்கடை வைத்திருப்பவளுக்கு இரண்டு கண் போதாது. வருகிற சட்டையைப் பார்க்க ஒரு ஜோடி, அதைக் கொண்டுவருகிற ஆளைப் பார்க்க இன்னொரு ஜோடி வேண்டும். கடைக்காரி இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன், ஏற்கெனவே முதுகில் பொசுங்கியிருந்த சட்டையைப் பத்துத் துணிகளுக்கு நடுவில் மடித்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் வந்து, தெருவே கூடும்படி கத்தினான். வெளிநாட்டுச் சட்டை என்றான், வக்கீல் என்றான். புதுச் சட்டை வாங்கிக் கொடுத்து அவனை அனுப்பிய பிறகு, விரித்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் அவள் வாங்குவதில்லை.

கடையில் இரண்டே பேர். அவள் துவைப்பாள், அவளுடைய நாத்தனார் இஸ்திரி போடுவாள். கணவன் வண்டியில் துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. கடை விஷயத்தில் வாய் திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் தங்கை பேசிவிடுவாள். வாடிக்கையாளர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அவள்தான். எண்ணெய்க் காலர், மைக்கறை, அரைக்கை வாத்தியார் என்று ஊரில் பாதிப் பேருக்கு அவள் புதுப் பெயர் சூட்டியிருந்தாள்.

அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் பூதக்கண்ணாடி.

ஒரு திங்கட்கிழமை காலை மூன்று வெள்ளை முழுக்கைச் சட்டைகளோடு அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் மூக்கை லேசாகத் தூக்கியே வைத்திருந்தார். கடைக்காரி மூன்றையும் விரித்தாள். ஒன்று சந்தையில் குவித்து வைத்து விற்கும் மலிவுச் சட்டை. துணியில் பஞ்சைவிடக் கஞ்சி அதிகம். இரண்டாவது நடுத்தரம், கொஞ்சம் கனமான, ஒழுங்கான துணி. மூன்றாவதைத் தொட்டதும் விரல் வழுக்கியது. பொடிப்பொடியான தையல், சிப்பியில் செய்த பித்தான், காலருக்குள் உருவி எடுக்கும்படியான மெல்லிய பட்டை. மற்ற இரண்டையும் போல நாலைந்து மடங்கு விலை இருக்கும் என்று அவள் மனக்கணக்கு சொன்னது. ஆனால் அவள் கவனித்தது வேறொன்று. மூன்று சட்டையிலும் உள்பக்கம், கீழ் ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நூல் முடிச்சு இருந்தது. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை.

"பேரு சொல்லுங்க, சீட்டுல எழுதணும்."

"வெள்ளைன்னு போட்டுக்கோங்க."

"எங்க வேலை பாக்கறீங்க?"

"ஒரு ஆபீஸ்ல."

வியாழக்கிழமை சட்டைகளை வாங்க வந்தவர், கவுன்ட்டரிலேயே சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். காலர் மடிப்பு, கைப்பட்டி ஓரம், பித்தான் துளை என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். போட்டோ எடுத்தார். பிறகு அடுத்த நடைக்கு, தானே உடுத்திக் கழற்றிய அதே மூன்று சட்டைகளைத் திங்கட்கிழமை கொண்டுவந்தார். இப்படியே வாரத்துக்கு வாரம் நடந்தது. இந்த மூன்றைத் தவிர வேறு எந்தத் துணியையும் அவர் சலவைக்குப் போட்டதே இல்லை.

நாலாவது வாரம், போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார். "ஒருவேளை இந்தச் சட்டையில ஏதாவது ஆச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எந்தச் சட்டையில?"

"இல்ல, பொதுவாக் கேட்டேன்."

அவர் தெரு திரும்பும்வரை கடைக்காரி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம். நாம எதுக்கு அண்ணி பயப்படணும்?" என்றாள் நாத்தனார், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு.

"நம்ம மடியில இல்லன்னா, இவனே கொண்டாந்து வச்சுட்டுப் போவான். அன்னைக்குப் பட்டது பத்தாதா? போட்டோ எடுக்கறான், குறிச்சு வைக்கறான். கோர்ட்டுக்குப் போற ஆள் வேற எப்படி இருப்பான்?"

"அப்ப வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க."

"அனுப்பினா வெளியில போய் என்ன பேசுவானோ."

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பச்சை முடிச்சு போட்ட விலையுயர்ந்த சட்டை இனி மெஷினுக்குள் போகாது. அதற்குத் தனி வாளி, தனிச் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் காலர் பட்டைகளை உருவி ஒரு கிண்ணத்தில் போடுவாள். பித்தான்களைக் கழற்றிவிட்டு, காலரைத் தூக்கி நிறுத்தி, விரல் நுனியால் அழுக்கை எடுப்பாள். முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டு, நிழலில் ஹேங்கரில் தொங்கவிடுவாள். கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே நாத்தனார் அதை எடுத்து, காலர் முனையிலிருந்து நடுப்பக்கமாகத் தேய்ப்பாள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் சாப்பாட்டுக் கடை மேசைத்துணிகளோடு கொதிநீரிலும் வெளுப்புத் தூளிலும் சுழன்றன. சந்தைச் சட்டைக்காகவா ஒருவன் வக்கீல் வைப்பான்?

இதற்கு நடுவில் அவர் எதிர்ச்சாரியில் நின்று கடையைப் பார்ப்பதை நாத்தனார் ஒருநாள் கண்டாள். உடனே அண்ணனை விரட்டினாள். அவன் வண்டியில் பின்தொடர்ந்து போய், அரை மணி நேரத்தில் திரும்பினான்.

"பெரிய ஹோட்டல் இருக்குல்ல, அதோட பின்வாசல்ல நுழைஞ்சார்."

கடைக்காரிக்குச் சந்தேகம் தீரவில்லை, இரட்டிப்பானது. அந்த ஹோட்டலில் ரயில் பெட்டி மாதிரி பெரிய மெஷின்கள் இருக்கின்றன. அங்கே இருக்கிறவன் எதற்காக இந்தச் சந்துக்குள் வந்து மூன்று சட்டையைத் துவைக்க வேண்டும்? அந்த வாரத்திலிருந்து, சட்டைகளை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அவளும் போட்டோ எடுத்தாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அவள் அவரை இரண்டு மாதிரி பார்த்தாள்.

ஏழு மாதம் கழிந்தது. ஒரு வியாழக்கிழமை, அவர் சட்டைகளைப் பார்த்து முடித்து, நோட்டை மூடி, முதல் தடவையாகச் சிரித்தார்.

"இனிமே சொல்றதுல தப்பில்லம்மா. நான் அந்தப் பெரிய ஹோட்டல்ல ஸ்டோர்ஸ் பாக்கறேன். ஸ்டாஃப் முந்நூறு பேருக்குப் புது யூனிஃபார்ம் சட்டை எடுக்கணும். விலை கூடுதலா குடுத்தா நிஜமாவே நாள்பட உழைக்குதான்னு பாக்கச் சொன்னாங்க. எங்க மெஷினெல்லாம் தங்க வர்றவங்க துணிக்குத்தான். ஸ்டாஃப் அவங்கவங்க சட்டையை வெளியிலதான் துவைச்சுக்கணும். அதான் சாதாரணமா ஒரு கடையில போட்டுப் பாத்தேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா விசேஷமா கவனிச்சுத் துவைச்சிருப்பீங்க. கணக்கு தப்பிடும்."

கடைக்காரியின் கண் தனி வாளியின் பக்கம் போனது.

"பாருங்க," என்று அவர் மூன்றையும் பரப்பினார். சந்தைச் சட்டையின் காலர் குமிழ் குமிழாக உப்பியிருந்தது. நடுத்தரம் கொஞ்சம் மங்கியிருந்தது. விலைச் சட்டை நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. "முப்பது தடவை துவைச்சும் ஒரு நூல் பிரியல. நாளைக்கு இதைத்தான் எழுதிக் குடுக்கப் போறேன். ஆளுக்கு மூணு சட்டை. சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்குவாங்க."

"யாரு சம்பளத்துல?"

"அவங்கவங்க சம்பளத்துலதான்."

அவர் போன பிறகு நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாம திருடனைக் கண்டோம், அவர் பரீட்சை வச்சிருக்கார். விடுங்க அண்ணி. நல்ல சட்டைதானே, போட்டுக்கட்டும்."

கடைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு மெல்லிய நூல் மெஷினில் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பார்க்க அழகு, தொட சுகம். கொதிநீருக்கும் உரசலுக்கும் தாங்காது. வரவேற்பு மேசையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிற பெண், வீட்டில் தனி வாளியும் தனிச் சோப்பும் வைத்துக்கொண்டு உட்காருவாளா? ஆறே மாதத்தில் கைப்பட்டி நைந்துபோகும். சம்பளத்தில் பிடிப்பது மட்டும் நிற்காது. இது யாருடைய குற்றமும் இல்லை, தன் சந்தேகம் செய்த வேலை. சொன்னால் அந்த மனுஷன் கோபப்படலாம். சொல்லாவிட்டால் முந்நூறு பேர்.

மறுநாள் காலை கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனாள். காவலாளி உட்காரச் சொன்ன பெஞ்சில், வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுக்குக் கோட்டின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கினாள். அதைப் பார்த்ததும் கடைக்காரிக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போயிற்று.

ஸ்டோர்ஸ் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பொசுங்கிய சட்டைக்காரனில் தொடங்கி, தனி வாளி வரை.

கேட்கக் கேட்க அவர் மூக்கு மறுபடி மேலே போனது.

"யாரு அனுப்பினாங்க உங்களை?"

"யாரு அனுப்பணும்?"

"மத்த ரெண்டு சட்டைக் கம்பெனியில ஏதோ ஒண்ணு. நான் பச்சையை எழுதப் போறேன்னு நேத்து உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். இன்னைக்குக் காலையில அது சரியில்லன்னு வந்து நிக்கறீங்க. நான் இதுல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்மா."

அவள் முகம் சிவந்தது. ஏழு மாதம் அவரைத் திருடன் என்று நினைத்தவள் அவள். இப்போது அவர் முறை. அது நியாயம்தான் என்று தோன்றியது, ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

"சரி, நம்பாதீங்க," என்றாள். "மூணுலயும் புதுசு ஒண்ணு கொண்டாங்க. என் கடையிலயே உக்காந்து பாருங்க. உங்க கண்ணு முன்னாடி மூணையும் ஒண்ணாவே மெஷின்ல போடறேன். உடுத்தக்கூட வேண்டாம், தினம் துவைப்போம். கூலி வேண்டாம்."

அவர் வரமாட்டார் என்று நினைத்தாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, நாத்தனார் ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் நின்றார். கையில் மூன்று புதுச் சட்டைகள். ஒரு ஸ்டூலை இழுத்து, மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். சுழல்வது முழுவதையும் பார்த்துவிட்டு, சட்டைகள் காய்ந்து இஸ்திரி ஆகும் நேரத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். அவர் பார்க்கிறாரே என்று கடைக்காரி வேண்டுமென்றே எதையும் மென்மையாகச் செய்யவில்லை, கடுமையாகவும் செய்யவில்லை. அதையும் அவர் கவனித்தார். வெளுப்புத் தூள் டப்பாவை ஒருநாள் தானே முகர்ந்துபார்த்தார்.

"இவர் சீக்கிரம் தொழிலைக் கத்துக்கிட்டு எதிர்லயே கடை போட்டுருவார் அண்ணி," என்றாள் நாத்தனார், அவர் காதில் விழும்படியே. அவர் சிரிக்கவில்லை.

எட்டாவது துவைப்பில் மலிவுச் சட்டையின் காலர் உப்பியது. அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. பதினொன்றாவதில் விலைச் சட்டையின் சிப்பிப் பித்தான் ஒன்று விண்டது. பத்தொன்பதாவதில், கைப்பட்டி மடிப்பில் வெள்ளை மயிர்போல் நூல் எழும்பியது. அவர் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கடைக்காரியிடம் நீட்டினார். அவளும் பார்த்தாள். இருபத்து நான்காவது நாள் அந்த மடிப்பு வாய் பிளந்தது. நடுத்தரச் சட்டை முப்பதையும் தாண்டி, கொஞ்சம் மங்கலாக, ஆனால் முழுசாக நின்றது.

கடைசி நாள் அவர் நோட்டை மூடிவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுல இருந்தா எதை வாங்குவீங்க?" என்று கேட்டார். குரலில் பழைய விறைப்பு இல்லை.

"தானே உக்காந்து கையால துவைக்கற பொறுமை இருந்தா விலைச் சட்டை வாங்கலாம். அதை உடுத்தினா உடம்புக்கு ஒரு சுகம், அதை இல்லன்னு சொல்லக் கூடாது. மெஷின்ல போடறவங்களுக்கு நடுவுல இருக்கறது. தையல் நெருக்கமா இருக்கான்னு உள்பக்கம் திருப்பிப் பாத்து வாங்கணும். அவ்வளவுதான்."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. ஆனா சலவைக்காரி சொன்னான்னு எழுதாதீங்க, அதுக்கும் யாராவது சந்தேகப்படுவாங்க."

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். நடுத்தரச் சட்டைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றார். சம்பளத்தில் பிடிக்கிற தொகையும் அதற்கேற்பக் குறையுமாம். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பத்தி எழுதினீங்களா?" என்று கடைக்காரி கேட்டாள்.

"முதல் முடிவு தப்புன்னு எழுதினேன். கடையோட பேரை எழுதல. நான் நேரத்தை வீணாக்கிட்டேன்னு ஒரு மெமோ குடுத்தாங்க."

தன் பயத்துக்கு அந்த மனிதர் விலை கொடுத்திருக்கிறார் என்பது கடைக்காரியை உறுத்தியது. "என்னால வந்ததுதானே," என்றாள் மெதுவாக.

"நானும் முதல் நாளே பேரைச் சொல்லியிருக்கலாம்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு எதிர்க் கடையில் மூன்று டீ சொன்னாள். வந்த டீயை அவர் நின்றுகொண்டே வாங்கினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெஷின் யாருடையதோ போர்வைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்தபடி டீயைக் குடித்தார்கள்.