டயர் மேல் போட்ட பழி

நான்கு வருடமாக நான் தோற்றுக்கொண்டிருந்தேன். நான்கு வருடமும் டயரைத்தான் திட்டினேன்.

என் வண்டி 1970 நோவா. எட்டு சிலிண்டர் எஞ்சின், பச்சைப் பெயிண்ட். டொலீடோவில் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிச் சம்பாதித்த காசில் நானே வாங்கியது. நேர்ரோட்டில் மிதித்தால் பறக்கும். வளைவு வந்தால் மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போகும்.

எங்கள் கிளப்புக்கு வளைவுதான் முக்கியம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சித் திடலின் வண்டி நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து நெளித்து அடுக்கிவைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒரு கூம்பு சாய்ந்தால் இரண்டு விநாடி கூடும். பழைய கார்களின் பிரிவில் இன்னொரு விதியும் உண்டு: வண்டி ஃபேக்டரியிலிருந்து என்ன அளவுச் சக்கரத்தோடு வந்ததோ அதே அளவில்தான் ஓடவேண்டும். என் நோவாவுக்குப் பதினாலு அங்குலம்.

என்னைத் தோற்கடிப்பவன் என் கணவன் கென்னின் தம்பி டுவேன். அவனிடம் ஒரு நீல நிற டார்ட் கார் இருக்கிறது, அதுவும் பதினாலு அங்குலம்தான். ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு, நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஜன்னலுக்கு வந்துவிடுவான்.

“என்ன டிரைவரம்மா, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு ஆள ஏத்திக்கிட்டு வந்தியா?”

“டயர் சரியில்ல டுவேன். கல்லு மாதிரி இருக்கு.”

“என்னுதும் அதே டயர்தானே?”

“உன்னுது போன வருஷம் வாங்கினது. என்னுதுக்கு ஆறு வயசு.”

இந்த உரையாடலை நாங்கள் எத்தனை முறை நடத்தியிருப்போமோ தெரியாது. மார்ச் மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது கென் சாதாரணமாகக் கேட்டான்.

“மார்ஜ், டயர்தான் பிரச்சனைன்னா மாத்திட வேண்டியதுதானே?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பதினாலு அங்குலத்துல நல்ல டயர் எங்க கெடைக்குது? உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ.”

“தேடிப் பாத்தியா?”

தேடவில்லை. ஏன் தேடவில்லை என்று அன்று பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கே உறைத்தது. நல்ல டயர் போட்டும் தோற்றால், அப்புறம் பழியை யார் மேல் போடுவது? டயர் மோசமா, நான் மோசமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருந்ததால்தான் நான்கு வருடம் நிம்மதியாகத் தோற்க முடிந்தது. ஆனால் கேள்வி வந்துவிட்ட பிறகு அரிப்பும் வந்துவிட்டது. தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்று மறுநாளே கிளம்பினேன்.

முதலில் எங்கள் பக்கத்து டயர் கடை. கவுண்டரில் இருந்த டெரி, எதிரே இருந்த கணினியில் ஒரு நிமிடம் தட்டினான்.

“பதினாலுல பத்து வகை இருக்கு மார்ஜ். எத்தன டன் டிரெய்லர்?”

“டிரெய்லர் இல்ல டெரி, கார்.”

“காரா?” மறுபடி தட்டினான். “அப்ப ஒண்ணுதான் இருக்கு. நீ இப்ப போட்டிருக்கியே, அதேதான்.”

டயரின் பக்கவாட்டில் தேய்மான எண் என்று ஒன்று பதித்திருப்பார்கள். எண் பெரிதானால் ரப்பர் கெட்டி, வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் ரோட்டைப் பிடிக்காது. எண் சிறிதானால் மிருது, அட்டை மாதிரி ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். என் டயரில் ஐந்நூறு என்று போட்டிருந்தது. எனக்கு வேண்டியது இருநூறு. “அதெல்லாம் பதினேழு, பதினெட்டு அங்குலத்துலதான் செய்யறாங்க. ஒலகமே பெரிய சக்கரத்துக்குப் போயிடுச்சு” என்று டெரி கையை விரித்தான். 

பிறகு, அந்தக் காலத்து டயரை அச்சு அசலாக வார்த்துத் தரும் ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். பார்க்க அத்தனை அழகு. மழையில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “மழையில ஏன்மா வெளிய எடுக்கறீங்க?” என்றார் அவர்.

மூன்றாவதாக சாண்டஸ்கியில் ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். கொட்டகையில் பிளாஸ்டிக் சுற்றிவைத்த நான்கு டயர்கள். அகலம், உயரம், எல்லாம் நான் கனவு கண்டபடியே. வார்ப்பிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. எனக்குக் கண் கலங்கியேவிட்டது. அப்புறம் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைத் தேடினேன். மூன்று இலக்கம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த டயர் என்றால் நான்கு இலக்கம் இருக்கும். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வலித்தது.

“ஒரு நாள்கூட ரோட்ட பாக்கலீங்க” என்றார் அந்த ஆள்.

“பாக்காமலே கெழடாயிடுச்சுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஐம்பது மைல் தூரமும் ரேடியோவைப் போடவில்லை.

ஏப்ரலில் முதல் போட்டி. வழக்கம்போல் தோற்றுவிட்டு, காபிக் கோப்பையோடு சுற்றிக்கொண்டிருந்தபோது ஜோலீனின் வண்டி கண்ணில் பட்டது. ஜோலீன் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள், நாற்பது வயது இருக்கும். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஜப்பானியப் பொடி வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் அழவைப்பவள். அதன் சக்கரம் சின்னதாக இருந்தது. பட்டென்று முட்டிபோட்டு டயரைப் படித்தேன். 195/60, பதினாலு அங்குலம். தேய்மான எண் இருநூறு.

“எதாவது விழுந்துடுச்சா?” என்றாள் ஜோலீன்.

“இது என் நோவாவுக்கு மாட்டுமா?”

அவள் என் வண்டியைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள். “மாட்டும். ஆனா எல்லாரும் சிரிப்பாங்க.”

என் வண்டி எடையில் அவளுடையதைப் போல் ஒன்றரை மடங்கு. டயர் தாங்குமா என்பதுதான் கென்னின் கவலை. ஃபேக்டரியில் கண்ணாடி பரிசோதித்தே ரிட்டயர் ஆனவன், எதையும் நம்ப மாட்டான். வண்டியை லாரி எடைமேடைக்கே கொண்டுபோய் நிறுத்தினான். சக்கரம் சக்கரமாக நிறுத்ததில், மிகக் கனமான மூலைக்குத் தொள்ளாயிரம் பவுண்டு வந்தது. ஒரு டயர் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தாங்கும் என்று எழுதியிருந்தது. “சரி, வாங்கு” என்றான், ஏதோ அவன் பணம் மாதிரி.

மாட்டிய பிறகு வண்டி பார்க்கச் சகிக்கவில்லை. பெரிய ஆள் பிள்ளைகளின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே என் முழங்கையே நுழைந்தது.

ஜூன் போட்டிக்கு அப்படியே கொண்டுபோனேன். டுவேன் தன் டோனட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

“கென், உன் பொண்டாட்டி வண்டிய துவைச்சுப் போட்டாளா? சுருங்கிப்போச்சே!”

“சிரி, சிரி. இன்னிக்கு சாயங்காலம் பாக்கலாம்” என்றேன்.

கென் வெள்ளை ஷூ பாலிஷ் எடுத்து ஒவ்வொரு டயரின் ஓரத்திலும் சின்னச் சின்னக் கோடு போட்டான். வளைவில் டயர் சாய்ந்து தரையில் தேயும்போது பாலிஷ் அழியும். எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று பார்த்தால் டயர் எவ்வளவு உழைத்தது என்று தெரிந்துவிடும்.

காலையில் மூன்று ஓட்டம். 48.1. 48.0. 47.9. டுவேன் 46.4.

அரை விநாடிதான் முன்னேற்றம். ஓட்டும்போது சக்கரம் நன்றாகப் பிடிப்பது ஸ்டியரிங்கில் தெரிந்தது. பிறகு என்ன கோளாறு? கென் குனிந்து பாலிஷைப் பார்த்தான். கோடு அப்படியே வெள்ளையாக இருந்தது.

“காத்து கூடவா?” என்றேன்.

நான்கு பவுண்டு காற்றை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க நினைத்தோம். அதற்குள் மதிய இடைவேளை வந்துவிட்டது. இடைவேளையில் நேரம் கணக்கில் சேராது. யாரும் யார் வண்டியையும் ஓட்டலாம், பக்கத்தில் ஆள் உட்காரலாம். கென் கொண்டுவந்த காரத் தொத்திறைச்சி சாண்ட்விச் எனக்கு இறங்கவில்லை. எழுந்துபோய் ஜோலீனிடம் சாவியை நீட்டினேன். டயரா, நானா என்று இதோடு தெரிந்துவிடும்.

“ஒரு தடவ ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

“நெஜமாவா? ஒடைச்சிட்டா?”

“ஒடைங்க.”

அவள் ஓட்டினாள். முதல் வளைவிலேயே நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் பிரேக் போடும் இடத்தைத் தாண்டி, அதற்கும் அப்பால் தாண்டி, இனி முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிய பிறகுதான் அவள் கால் பிரேக்குக்குப் போனது. டயர் கீச்சிட்டு முனகியது, ஆனால் விடவில்லை. முழு வண்டியும் என் மேல் சரிந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சரிந்தது. என் வண்டி இப்படியெல்லாம் செய்யும் என்று எனக்கே தெரியாது.

45.2.

கென் ஓடிவந்து டயரைக் காட்டினான். பாலிஷ் பாதிக்குமேல் அழிந்திருந்தது. அதே வண்டி, அதே டயர், அதே காற்று.

ஆக, நான்தான். நான்கு வருடமாக நான்தான். அசிங்கமாக இருந்தது, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஆனாலும் அந்த அசிங்கத்துக்கு நடுவிலும் ‘எப்படி’ என்ற குறுகுறுப்பு விடவில்லை.

“நான் என்ன தப்பு பண்றேன், சொல்லுங்க.”

ஜோலீன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். “காலைல உங்கள பாத்தேன். தப்புன்னு ஒண்ணும் இல்ல. ரொம்ப சுத்தமா ஓட்டறீங்க. ஆனா பின்னாடி யாரோ தூங்கற மாதிரி ஓட்டறீங்க.”

நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். யாருமில்லை. இருக்கவும் மாட்டார்கள், ஓய்வுபெற்று ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஆனால் என் காலுக்கு அது தெரியவில்லை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள், எழுந்து நிற்பவன் ஒருத்தன், மடியில் அறிவியல் வகுப்புக்கு எரிமலை செய்து கொண்டுவருபவள் ஒருத்தி. ஒருத்தர் தலைகூட முன்சீட்டில் இடிக்காமல் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய கால் அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தக் காலை எனக்குத் திட்டத் தோன்றவில்லை.

மதியத்துக்குப் பிறகு ஒரு ஓட்டம்தான் மிச்சம். கோட்டில் நின்றபோது சத்தமாகவே சொன்னேன்: “பின்னாடி யாரும் இல்ல, மார்ஜ்.” கொடி இறங்கியது.

முதல் வளைவில் என் பிரேக் இடம் வந்தது. கால் தானாகக் கிளம்பியது. அதை அழுத்திப் பிடித்து வைத்தேன். ஒன்று, இரண்டு, இப்போது. டயர் கத்தியது. வண்டி திரும்பியது! நான் நினைத்த இடத்துக்கு, நான் நினைத்ததைவிட வேகமாக. அடுத்த வளைவில் பின்பக்கம் வழுக்கி ஒரு கூம்பு பறந்தது. வாய்விட்டுக் கத்தினேன், பயத்தில் இல்லை. அடுத்தடுத்து இரண்டு கூம்புகள் வண்டிக்கடியில் உருண்டன. கடைசி நேர்கோட்டில் எஞ்சின் அலற வெளியே வந்தேன்.

“நாப்பத்தாறு புள்ளி ஒண்ணு, மூணு கோன்!” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அபராதத்தோடு ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று. ஓடியதில் சிறந்த நேரம்தான் கணக்கு, அதனால் அது எதற்கும் உதவாது. பலகையில் என் பெயருக்கு நேரே காலையில் எடுத்த 47.9 தான். டுவேன் முதல், நான் மூன்றாவது.

ஜன்னலுக்கு வழக்கம்போல் டுவேன் வந்தான். கூட்டிக் கழிக்க அவனுக்கும் தெரியும். கூம்பை விட்டுவிட்டால் நான் அவனைவிட வேகம். வண்டியைச் சுற்றிவந்து முன்டயருக்குப் பக்கத்தில் குந்தினான். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தான்.

“இதுதான். இந்த டயர்தான் காரணம். இல்லன்னா நீ எப்படி...” என்றான். “என்னுது கல்லு மாதிரி இருக்கு மார்ஜ்.”

கென் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

“ஆமா டுவேன், டயர்தான்” என்றேன். “நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அறுபது, பதினாலு. எழுதிக்கோ.”

உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். எழுந்து தன் நீல டார்ட்டை ஒரு முறை பார்த்தான். 

“இத மாட்டினா என் வண்டி பாக்க அசிங்கமா இருக்காது?”

“இருக்கும்” என்றேன்.