புகைக் கணக்கு

…ஆளுக்கு ஒரு சுமாரான செருப்பு விலை, அவ்வளவுதான் வானத்துக்கு, விமானப் புகைக்கு ஈடாக எங்கோ மரம் நடுகிறோம் என்று ஒரு கம்பெனி அனுப்பிய தாளில் அப்படித்தான் போட்டிருந்தது, கூட்டமாகப் போனால் தள்ளுபடி வேறு, வானத்தை மொத்த விலைக்கு விற்கிறான் கில்லாடி, அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்று கைகொடுத்திருப்பார், ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் பேரம் பேசியவருக்கு இப்படி ஒரு சரக்கு கைக்குக் கிடைக்கவில்லையே… கல்லூரி முதல்வர் அறை வாசலில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில், மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். உள்ளே முதல்வர் போனில் யாரையோ தாஜா செய்துகொண்டிருந்தார். அது முடிந்ததும் கூப்பிடுவார், கையெழுத்துப் போடுவார், அவள் ஒரு வருஷமாக இழைத்து இழைத்துச் செய்த வெளிநாட்டுப் படிப்பு கிளம்பிவிடும். பகலில் வேலைக்குப் போய் மாலையில் படிக்க வருகிறவர்களுக்கான படிப்பு, பூமியைக் கெடுக்காமல் பிழைப்பது எப்படி என்று பக்கத்து நாட்டுக்குப் போய்ப் பத்து நாள் கண்ணால் பார்த்துவிட்டு வருவது. அதைப் படிக்கப் பறந்தா போவீர்கள் என்று, படிப்புக்குப் பணம் தருகிற கல்லூரியின் பசுமைக் குழு கேட்டது. அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. மரம் நடுகிற கம்பெனியின் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று வாரம் கால அட்டவணைகளோடு மல்லுக்கட்டி, போவதும் வருவதும் ரயிலிலேயே என்று மாற்றிக் கொண்டுபோனாள். குழு கைதட்டியது, கைதட்டியதே, அந்தச் சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லையோ…

யாருக்காக ஆரம்பித்தது இது? நர்ஸுக்காகத்தானே. அவள் எடுத்த முதல் மாலை வகுப்பில், ஷிப்ட் முடித்த கையோடு வந்து கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பொண்ணு, திடீரென்று நிமிர்ந்து, எங்க வார்டுல ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை பிளாஸ்டிக் போகுது தெரியுமாக்கா, எல்லாத்தையும் பின்னாடியே எரிக்கறாங்க, பக்கத்துலயே குழந்தைங்க வார்டு, எங்கயாவது இத எரிக்காம சமாளிக்கறாங்களா, நான் பாக்கணும் என்று கேட்டாளே, அந்த ஒரு கேள்விக்காகத் தேடித்தானே எரிக்காத ஆஸ்பத்திரி இருக்கிற ஊரைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து நர்ஸ் லீவைச் சேர்க்க ஆரம்பித்தாள், காய்ச்சலென்றாலும் எடுப்பதில்லை, தங்கச்சி கல்யாணத்தில் காலையில் தாலி கட்டி முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு டியூட்டிக்குப் போனவள், அப்படிச் சேர்த்த பத்து நாள். அந்தப் பத்து நாளுக்கு மேல் நாலு நாள் ரயிலை ஏற்றி வைத்தது யார்? கூடப் பேர் கொடுத்திருந்த பஸ் டிரைவர் போன வாரமே கழன்றுகொண்டார், சலவைப் பட்டறையில் கூலிக்கு இருந்தவர் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டார், அவர்கள் இடத்துக்குச் சொந்தக் கம்பெனி வைத்திருப்பவரும் மேனேஜர்களும் சந்தோஷமாக வந்து சேர்ந்தார்கள், லீவு கேட்கிறவர்கள் எல்லாம் போய் லீவு கொடுக்கிறவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள், இதை அவள் பார்க்கவில்லையா, பார்த்தாள், பார்த்துவிட்டுப் பட்டியல் நிறைந்ததே என்று பெருமூச்சு விட்டாள்.

இன்று மத்தியானம் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "அக்கா, நாலு நாள் ரயில்லயே போச்சுன்னா நான் பாக்கப்போறது ரயிலத்தான்." சிரித்தாள்கூட. கூடுதல் லீவு கேட்டுப்பார்த்தாளாம், வார்டில் ஆளில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "நான் விட்டுடறேன்க்கா."

அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த மௌனம், கடையில் தவழ்ந்த நாளிலிருந்து தெரியும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்பார்களே, அப்போது அப்பா துணியை மடித்தபடி வாயே திறக்கமாட்டார், முதலில் பேசினால் போச்சு, ஆள் கடைசிப் படி இறங்குகிறபோதுதான் கூப்பிடுவார், அதுவரை கூப்பிடாமலிருப்பதில்தான் லாபமே இருக்கிறது. அவளும் வாய் திறக்கவில்லை. நர்ஸ் இறங்கி வருவாள், சம்பளமில்லாத லீவு கேட்டுப்பார்க்கிறேன் என்பாள், யாரிடமாவது டியூட்டி மாற்றிக்கொள்கிறேன் என்பாள்… போனுக்குள் தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது, யாரோ தண்ணீர் கேட்டார்கள். "சரிக்கா, வெச்சுடறேன்." அவ்வளவுதான். அப்பா கடையில் படி இருந்தது, போனில் படி ஏது? அந்தப் பொண்ணு பேரம் பேசவில்லை. நீ வராமல் எப்படி என்று ஒரு வார்த்தைக்காக நின்றாள், அந்த ஒரு வார்த்தைக்கு என்ன செலவாகியிருக்கும்…

இப்போது கூப்பிட்டால்? கூப்பிட்டு என்ன கொடுப்பது, விமானத்துக்கு மாற்றினால் குழு பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும், படிப்பே இல்லை, மாற்றாவிட்டால் படிப்பு இருக்கும், கேட்டவள் இருக்கமாட்டாள். கணினியில் புகைக் கணக்கு விரிந்து கிடந்தது, ஆளுக்கு ஒரு வரி, கடைசியில் மொத்தம். நர்ஸின் வரியை அழித்தாள். மொத்தம் குறைந்தது, அதுவரை மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையானது. விரல் அப்படியே நின்றது. சும்மா பார்ப்போமே என்று சொந்தக் கம்பெனிக்காரரை அழித்தாள், இன்னும் நல்ல பச்சை. மேனேஜர்களை அழித்தாள், தன்னையும் அழித்தாள், பூஜ்யம், கண்ணைப் பறிக்கிற பச்சை, இத்தனை நாள் அவள் இழைத்த படிப்பு ஒருவரும் போகாதபோதுதான் முழு மார்க் வாங்குகிறது… அவசரமாக எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்தாள், நர்ஸைத் தவிர.

கதவு திறந்தது. முதல்வர் கணினியைத் தன் பக்கம் திருப்பி மொத்தத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இன்னும் கொறஞ்சிருக்கே, எப்படிம்மா?"

"ஒரு ஆள் கொறஞ்சாங்க சார்."

"நல்லதாப் போச்சு" என்று அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நடைக்கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், நர்ஸின் எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள், அது அணைந்தது, மறுபடி கொண்டுவந்தாள். இந்நேரம் சாயங்கால மூட்டைகளை எரிக்கக் கொண்டுபோயிருப்பார்கள், அந்தப் புகைக்குக் கணினியில் வரியே இல்லை, கணக்கில் வராத புகை… மற்றபடி எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. வானத்துக்குப் பாக்கி ஒன்றுமில்லை. குழுவுக்குப் பாக்கி இல்லை, கல்லூரிக்கு இல்லை. அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தையும் பத்து நாளும்.