தீவுமணல்

சந்தனராஜ் ஒரு கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாளாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தபோதே வியாகுலமேரி அந்தக் கோணியைக் கவனித்தாள். தீவுமணல் கோணி என்றால் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அவன் கோணியை அவிழ்த்து, தன் அண்ணனும் அவள் புருஷனுமான மைக்கேல்சாமிக்கு வெட்டிய குழிக்குள் கொட்டினான். சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த அவர்கள் குடும்பத்தில், வெள்ளைத் தீவுமணல் விரித்துத்தான் பெட்டியை இறக்குவார்கள்.

“எங்கேருந்து எடுத்தீங்க தம்பி?”

“கொட்டாயிலதான் மதினி. கதவோரமா இருந்துச்சு.”

கொட்டாயில் சுடாத மணலும் சுட்ட மணலும் இரண்டும் இருக்கும். தெற்கே பவளப்பாறைத் தீவுகளிலிருந்து வள்ளத்தில் வரும் அந்த மணலில் கல்லே கிடையாது. பவளப்பூச்சி கட்டிய கூட்டின் துணுக்கு, கிளிஞ்சல் தூள், கடல்முள்ளெலியின் முறிந்த முள். “பூரா உசுரோட இருந்ததுக, மேரி” என்று மைக்கேல்சாமி உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவான். அதையே காளவாயில் சுட்டால் உருவம் மாறாது. எடை குறையும், தண்ணீர் பட்டால் கொதிக்கும். அப்படித் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு நீற்றும் குழியில், கொதிக்கும்போது வழுக்கி விழுந்து வெந்துதான் அவன் வாழையிலையில் கிடந்து செத்தான்.

வானம் கறுத்திருந்தது. சாமியார் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தார்.

“சாமி, கொஞ்சம் பொறுங்க.”

“மழை வந்தா நீயா கொடை புடிப்ப?” என்றார் செபமாலை பெரியப்பா.

அவள் மண்டியிட்டு, கோணியில் ஒட்டியிருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்தாள். முள் முள்ளாகவே இருந்தது. உள்ளங்கையில் எச்சில் துப்பி, அதை வைத்து மூடிக்கொண்டாள். ஒன்றும் இல்லை. மாதாவே, ஒன்றும் இல்லாமலே இருக்கட்டும்.

பிறகு கைக்குள் வெதுவெதுத்தது. சுட்டது.

“அள்ளுங்க தம்பி.”

“நெசமாவா மதினி?”

“ஒருக்கா வெந்தவரு. பூராத்தையும் அள்ளுங்க.”

சந்தனராஜ் வெறுங்காலோடு குழிக்குள் இறங்கி மண்வெட்டியால் சுரண்டினான். முதல் தூறல் விழுந்த இடத்தில் புகைந்தது. செபமாலை பெரியப்பா தோள்துண்டை உருவிக் கீழே போட்டார்.

“கால்ல சுத்திக்கடா. வெரசா.”

அடுத்த கோணியை இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கி வந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். மணல் சத்தமில்லாமல் குடித்தது. பெட்டி இறங்கியது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

“கைய நீட்டுக்கா.”

அவள் இடக்கையை நீட்டினாள்.

“அந்தக் கையி?”

சிட்டிகை மணலை வைத்து மூடிய வலக்கை இன்னும் மூடியே இருந்தது.