தகரம் புதுசில் வராது

"அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. புது சிஸ்டம் போட்டா தகரம் வராது."

என் நாத்தனார் இதைச் சொன்னபோது மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதியதெல்லாம் என் பாதத்தில் வந்து படிந்தது. கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. எங்கள் வீட்டுக் கணினிக்கும் அவள்தான் வைத்தியர். விடுமுறை நாளில் வருவாள், காப்பி குடிப்பாள், அண்ணனை வம்புக்கு இழுப்பாள், கணினியைத் திறந்து பார்த்து உச்சுக் கொட்டுவாள்.

தகரம் என்பது ஒரு குரல். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி எனக்கு வாசித்துச் சொல்லும். கல்லூரிக் காலத்தில் போட்டுக்கொண்ட குரல், இன்றுவரை மாற்றவில்லை. தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலிருக்கிறது என்று நாத்தனார் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு ஏற்ற இறக்கம் தெரியாது. கேள்வி கேட்டாலும் அழுதாலும் ஒரே தொனி. நான் அதை ஓட்டும் வேகத்தில் மற்றவர்களுக்கு அது பேச்சாகவே தோன்றாது. "சூடான எண்ணெயில தண்ணி விழுந்த மாதிரி இருக்கு" என்பார் என் கணவர். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கும்.

அதை வைத்துத்தான் என் பிழைப்பு. ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பிழை பிடிக்கும் வேலை. கண்ணால் படிப்பவர்கள் விட்டுப்போன சொல்லைத் தாங்களே போட்டுக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்களாம். தகரம் தாண்டாது. இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்.

"ஏன் வராது?" என்று கேட்டேன்.

"அதைச் செஞ்ச கம்பெனி எப்பவோ மூடியாச்சு. புது சிஸ்டம் அதை ஏத்துக்காது."

"அப்ப பழசே இருந்துட்டுப் போகட்டும்."

"பழசுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாது அண்ணி. கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி. சரி, அதை விடுங்க. உங்க பதிப்பகத்துல என்ன சொன்னாங்க?"

அங்கே சொன்னதுதான் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. அடுத்த புத்தகத்திலிருந்து மெய்ப்பு முழுவதும் அவர்களுடைய புதிய செயலிக்குள்தான். பழைய சிஸ்டத்தில் அந்தச் செயலி திறக்காது. கோப்பை வெளியே எடுத்து வேறொரு கணினியில் வைத்துக் கேட்கவும் முடியாது, திருட்டுக்குப் பயந்து பூட்டி வைத்திருக்கிறார்கள். புதுசு போடாவிட்டால் வேலை போகும். போட்டால் வேலை செய்கிற காது போகும்.

"நான் உங்களை அவசரப்படுத்தல" என்றாள் நாத்தனார். மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது தலையை இடித்துக்கொண்டாள். "கடையிலேருந்து ஒரு மடிக்கணினி கொண்டுவந்திருக்கேன். புதுசு போட்டது. புதுக் குரலும் இருக்கு. கொஞ்ச நாள் வச்சுக் கேளுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

அந்தப் புதுக் குரல் "வணக்கம்" என்றது. நான் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. நாத்தனார் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்த கணவர் எழுந்து வந்தார். மூச்சு இழுக்கும் இடத்தில் மூச்சு இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சொல்லின் ஓரத்தில் லேசாகப் புன்னகைத்த குரல். அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள். நான் வழக்கமான வேகத்துக்குக் கொண்டுபோனேன். மகாராணி கொழகொழவென்று கரைந்து கஞ்சியாகிவிட்டாள்.

"மகாராணி ஓட மாட்டா அண்ணி. நடந்துதான் வருவா."

அவர்கள் இருவரிடமும் சொல்லாத ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. மனதுக்குள் நான் எதையாவது யோசிக்கும்போது அதில் பாதி தகரத்தின் குரலில் வருகிறது. கோபம் அம்மாவின் குரலில் வரும். கடையில் பேரம் பேசுவதற்கான ஒத்திகை என் குரலில் வரும். ஆனால் எழுதினது மாதிரி வடிவாக ஒரு வாக்கியம் தோன்றினால் அது தகரம்தான். அந்தக் குரல் வெளியே நின்றுவிட்டால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? பயம் என்று சொல்ல மாட்டேன். பல் விழுந்த இடத்தை நாக்கு போய்ப் போய்த் துழாவுமே, அப்படி அந்தக் கேள்வியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கணவர் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஏங்க, நீங்க படிக்கறப்போ உள்ள யார் குரல் கேக்குது?"

"குரலா? என்ன குரல்? படிக்கறேன், அவ்வளவுதான்."

"சத்தமே இல்லாமலா?"

"காலங்காத்தால என்ன கேள்வி இது. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சான்னு சோதனை பண்றியா?"

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மதியம் ஏதோ ஒரு கட்டிடத்தின் உச்சியிலிருந்து ஃபோன் செய்தார். பின்னால் மோட்டார் இரைந்தது.

"நீ கேட்டியே. சுவத்துல ஒட்டியிருக்கற எச்சரிக்கையைப் படிச்சுப் பார்த்தேன். ஒரு குரல் இருக்கத்தான் செய்யுது. என் குரல்தான். ஆனா சின்ன வயசுக் குரல். காலேஜ் படிக்கற பையன் மாதிரி."

"உங்களுக்கு வயசே ஆகலைன்னு உள்ள யாரோ நம்பிக்கிட்டிருக்காங்க."

"கண்டுபிடிச்சுட்டியா? யாருகிட்டயும் சொல்லாதே" என்று வைத்துவிட்டார்.

இந்த மனிதர் கல்யாணத்துக்கு முன் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் தகரம்தான் வாசித்தது. 'எப்பப் பாரு உன் ஞாபகமாவே இருக்கு' என்பதை மின்தடை அறிவிப்பைப் போல வாசித்தது. அந்த வெறுமையான வாக்கியத்துக்குள் ஒருவரின் தயக்கத்தையும் ஆசையையும் நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். சரியாகத்தான் நிரப்பியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. இப்போது ஆர்வம் தாங்காமல் அதே மின்னஞ்சலை மகாராணியிடம் கொடுத்தேன். அவள் குழைந்தாள். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டேன். வேறொரு பெண் என் கணவரின் வார்த்தைகளை இவ்வளவு இழைந்து சொல்வதை எதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும்?

ஆனாலும் மகாராணி எனக்குப் பிடித்துப்போனாள். மறைக்க ஒன்றுமில்லை. அப்போது கையில் ஒரு நாவல் இருந்தது, பழைய முறையில் வந்த கடைசிப் புத்தகம். அந்த நாவலாசிரியரின் முந்தைய புத்தகங்களை நான்தான் பார்த்தேன். வறட்டு எழுத்து என்பது என் எண்ணம். கடைசி அத்தியாயத்தை மட்டும் மடிக்கணினியில் போட்டு மகாராணியை வாசிக்கச் சொன்னேன். விட்டுப்போன கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். 'அவள் கதவைத் திறக்கவில்லை' என்றாள் மகாராணி. ஒரு மூச்சு நின்று, 'அவள் கதவைத் திறக்கவில்லை' என்றாள் மறுபடியும், குரலைத் தாழ்த்தி, தனக்கே சொல்லிக்கொள்வது போல. என் விரல்கள் விசைப்பலகையிலிருந்து எழுந்துவிட்டன. முதலில் சொன்னது அவனுக்கு, இரண்டாவது அவளுக்கு. இத்தனை நாள் இந்த எழுத்தாளரை நான் தப்பாக எடை போட்டிருக்கிறேன்.

சாப்பிடும்போது கணவரிடம், "இந்த ஆளு எழுதறாருங்க!" என்றேன்.

"போன புத்தகத்துக்குத் தூக்கம் வருதுன்னியே?"

"தகரம் வாசிச்சா யாரோட புத்தகமும் அப்படித்தான் இருக்கும்போல."

அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லையே சார். ஏன்?"

"கடைசி அத்தியாயத்துல ஒரு வரி ரெண்டு தடவை விழுந்திருக்கு. பக்கம் அமைக்கும்போது ஒட்டினதுல வந்த கோளாறு. மூலத்துல ஒரு தடவைதான் இருக்கு. நீங்க விட்டு நான் பார்த்ததே இல்லையேன்னுதான் கேட்டேன்."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

ஃபோனை வைத்துவிட்டுப் பழைய கணினிக்குப் போனேன். தகரத்திடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். ஒரே நீளத்தில், ஒரே உயரத்தில் இரண்டு ஆணிகள் அடித்தது போல அந்த வரி இரண்டு முறை விழுந்தது. காது உள்ள யாருக்கும் சந்தேகம் வராது. மகாராணி மரியாதை தெரிந்தவள். ஒருவர் ஒன்றை இரண்டு முறை சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நினைத்து, காரணத்தையும் அவளே உண்டாக்கிக் கொடுத்துவிட்டாள். நான் அதை எழுத்தாளரின் கணக்கில் வரவு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். முகம் சூடானது. அதற்குக் கீழே ஒரு குறுகுறுப்பும் இருந்தது. நான் கேட்டது இல்லாத ஒன்றா? எனக்குள் அந்தப் பெண் நின்ற இடம், அந்தக் கதவு, அதெல்லாம் எங்கிருந்து வந்தன?

இது போதாதென்று மறுநாள் பதிப்பாசிரியர் மறுபடி கூப்பிட்டார். குரலில் சிரிப்பு.

"ஒரு வேடிக்கை கேளுங்க. நாவலாசிரியர்கிட்ட இப்படி ஆயிருக்கு, எடுத்துடறோம்னு சொன்னேன். அந்த இடத்தைப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. அப்புறம், அப்படியே இருக்கட்டும் சார், அதுதான் நல்லா இருக்குன்னுட்டாரு."

நானும் சிரித்து வைத்தேன். அன்று முழுவதும் அது உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அப்படியானால் மகாராணி கேட்டதுதான் சரியா? பிழைக்குள் இருந்த அழகை அவள் கண்டுபிடித்தாள், எழுத்தாளரே ஒப்புக்கொண்டுவிட்டார். தகரத்துக்கு இந்த ஜென்மத்தில் அது கேட்டிருக்காது. துணி மடித்தேன், பால் காய்ச்சினேன், ஜன்னலருகே நின்று தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தத்தைக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று எழுத்தாளரால் யோசிக்க முடிந்தது, இங்கே இரண்டு தடவை இருக்கிறது என்று ஒருவர் சொன்னதால்தான். அந்த ஒருவர் நானாக இருந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அழகைக் கண்டு கண் கலங்குவதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். "வந்து புதுசைப் போட்டுடு."

"அப்பாடா! மகாராணி ஜெயிச்சுட்டாளா?"

"அவ இருக்கட்டும், வேலை முடிஞ்சப்புறம் கதை சொல்ல. வேலைக்கு வேற ஆள் வேணும். புதுசுல வர்ற குரல்லயே உயிரில்லாதது எது?"

எதிர்முனையில் சிரித்தாள். "அண்ணி, கடைக்கு வர்றவங்க எல்லாம் இனிமையா இருக்கறதைக் கேப்பாங்க. உயிரில்லாதது கேட்ட ஒரே ஆளு நீங்கதான்."

விடுமுறை நாளில் வந்தாள். மடிக்கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒருவன் செய்தி வாசிப்பவனைப் போல மிடுக்காக இருந்தான். ஒருத்தி குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவது போல. கடைசியில் ஒன்று, யாரோ ஆர்வலர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்தது. மூக்கடைத்த கொசுவைப் போல இருந்தது.

"இது வேண்டாம் அண்ணி, கேட்டா தலைவலி வரும்."

"வேகத்தைக் கூட்டு."

கூட்டினாள். கொசு உடைந்துபோகவில்லை. ஏதாவது ஒரு வரியை இரண்டு முறை அடிக்கச் சொன்னேன். இரண்டு முறையும் கொஞ்சமும் பிசகாமல் ஒரே மாதிரி சொன்னது.

"இதுதான்."

"நல்லாவா இருக்கு?" என்றார் கணவர், வாசலில் நின்றபடி.

"நல்லாயில்ல. ஆனா எனக்காக எதையும் கூட்டிச் சொல்லாது."

"அப்ப உங்க நாத்தனார் மாதிரி இல்லன்னு சொல்றீங்க" என்று நாத்தனார் தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். பிறகு சற்றுத் தணிந்து, "தகரத்துகிட்ட கடைசியா ஏதாவது வாசிக்கச் சொல்லணுமா?" என்றாள்.

யோசித்தேன். எதைக் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் வாசிக்கும். "வேண்டாம். நீ ஆரம்பி."

'கணினி இப்போது மறுதொடக்கம் செய்யப்படும்' என்றது தகரம், எந்த வருத்தமும் இல்லாமல். அதன் பிறகு பெட்டிக்குள் சுற்றும் விசிறியின் சத்தம் மட்டும்தான் இருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அது என்ன செய்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் புதிது. என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆனது போலிருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஒரு வட்டம் சுத்துது."

"வேற?"

"கொஞ்சம் பொறுங்கன்னு போட்டிருக்கு. என் இளவயசுக் குரல்ல சொல்லணுமா, சாதாரணமா சொல்லணுமா?"

நாத்தனார் காப்பியைச் சிந்திவிட்டாள்.

ஒருவழியாகக் கொசு பேசியது. என் பழைய வேகத்தில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன். மறுபடி குறைத்தேன். கடைசியில், முதன்முதலாகக் கணினி கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு வைக்கும் வேகத்தில் வந்து நின்றேன். "ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்தாச்சு" என்றாள் நாத்தனார். எனக்கு ரோஷம் வரவில்லை. பிசிறு பிசிறாக வந்த ஒவ்வொரு சொல்லையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொற்களின் நடுவில் அது லேசாக விக்கியது. அந்த விக்கலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது.

பதிப்பகத்தின் செயலி திறந்தது. புதிய புத்தகத்தின் முதல் பக்கம். ஒருவர் அலுவலகத்துக்குள் வருகிறார், நாற்காலியில் உட்கார்கிறார், யாரையோ அழைக்கிறார், பேசுகிறார், பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்கிறார். 'இவர்தான் இன்னும் எழுந்திருக்கவே இல்லையே' என்று எனக்குள் ஓடியது.

கையை நிறுத்தினேன். அது யார் குரலில் ஓடியது? சட்டென்று திரும்பிக் காது கொடுத்தேன். அதற்குள் போய்விட்டிருந்தது. பிழையைக் குறித்துவிட்டு, அடுத்த நினைப்பைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.